பைடனுக்கு விழுந்த 1.4 கோடி வாக்குகள் எங்கே போயின? அமெரிக்க மாநாட்டில் 'டெலிகேட்'கள் வாக்களிப்பது எப்படி?

2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க அதிபர் ஜோ பைடன் எக்ஸ் தளத்தில் ஒரு கடிதம் வெளியிட்டார். அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகுகிறேன் என்பதுதான் அதன் சாரம். சிறிது நேரத்தில் இன்னொரு பதிவு. துணை அதிபர் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு தருவதாக அதில் சொல்லியிருந்தார்.

அப்போது பலருக்கும் வந்த கேள்வி இதுதான். அந்த ஆண்டின் உட்கட்சித் தேர்தல்களில் 1.4 கோடிக்கும் அதிகமானோர் பைடனுக்கு வாக்களித்திருந்தார்களே, அந்த வாக்கெல்லாம் என்ன ஆகும்? அப்படியே ஹாரிஸுக்குப் போய்விடுமா?

போகாது. அமெரிக்கக் கட்சிகளின் விதிப்படி, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கடைசி வாக்கு மக்களிடம் இல்லை, 'டெலிகேட்' எனப்படும் பிரதிநிதிகளிடம் இருக்கிறது. பைடன் விலகிய 15-வது நாளில், அந்தப் பிரதிநிதிகள் வாக்களித்து ஹாரிஸை வேட்பாளராக்கினார்கள். அது எப்படி நடந்தது? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த டெலிகேட்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நவம்பர் தேர்தலுக்குப் பிறகு அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு வேறு, இந்த டெலிகேட்கள் வேறு. டெலிகேட்களின் வேலை, தங்கள் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்வது மட்டும்தான்.

இவர்களில் பெரும்பாலானோர் பிரபலங்கள் கிடையாது. உள்ளூர் கட்சி நிர்வாகி, தொழிற்சங்க உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவர் என எல்லோரும் இருப்பார்கள். மாநாடு நடக்கும் ஊருக்குப் போகும் செலவைப் பலர் சொந்தக் கையிலிருந்தே போடுகிறார்கள்.

ஜனவரி முதல் ஜூன் வரை ஒவ்வொரு மாநிலத்திலும் 'பிரைமரி' அல்லது 'காகஸ்' என்ற பெயரில் உட்கட்சித் தேர்தல் நடக்கும். வாக்காளர் பைடன், ட்ரம்ப் என்று பெயர் பார்த்துத்தான் வாக்களிப்பார். ஆனால் அந்த வாக்கு கணக்கில் மாறுவது டெலிகேட் எண்ணிக்கையாக. இந்த மாநிலத்தில் இவருக்கு இத்தனை டெலிகேட், அவருக்கு இத்தனை டெலிகேட் என்று பிரித்துக் கொடுப்பார்கள்.

பிரித்துக் கொடுப்பது எப்படி?

இங்கேதான் இரண்டு கட்சிகளும் வேறுபடுகின்றன.

ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலங்களிலும் விகிதாச்சார முறை. ஆனால் குறைந்தது 15 சதவீத வாக்கு வாங்கினால்தான் டெலிகேட் கிடைக்கும். இதற்கு 2024-லேயே ஓர் உதாரணம் உண்டு. காசா போர் விவகாரத்தில் பைடன் மீது கோபத்தில் இருந்தவர்கள், 'யாருக்கும் ஆதரவில்லை' என்ற கட்டத்தில் வாக்களித்தார்கள். மிஷிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி வாக்களித்தும், மாநில அளவில் சுமார் 13 சதவீதம்தான் வந்தது. 15-ஐத் தாண்டிய தொகுதிகளின் கணக்கில் மட்டும் 2 டெலிகேட் கிடைத்தார்கள். மின்னசோட்டாவிலோ சுமார் 19 சதவீதம். அங்கே 11 பேர் கிடைத்தார்கள். சுமார் ஆறு சதவீத வித்தியாசம் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது பாருங்கள்.

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சில இடங்களில் விகிதாச்சாரம், சில இடங்களில் ஜெயித்தவருக்கே எல்லாம். கலிஃபோர்னியாவில் பாதிக்கு மேல் வாக்கு வாங்கியவருக்கு அந்த மாநிலத்தின் 169 டெலிகேட்களும் போய்விடும். 2024-ல் அதை ட்ரம்ப் அள்ளிக்கொண்டார்.

மாநாட்டில் என்ன நடக்கும்?

தேர்தல் ஆண்டின் கோடையில் நான்கு நாள் மாநாடு. பேச்சு, பாட்டு, பலூன் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நிகழ்வுதான் உண்மையான அலுவல். அதன் பெயர் 'ரோல் கால்'. பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒவ்வொரு மாநிலத்தின் பெயராக அழைப்பார்கள். அந்த மாநிலக் குழுவின் சார்பில் ஒருவர் மைக் முன்னால் வந்து, ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் பேசிவிட்டு, 'எங்கள் மாநிலத்தின் இத்தனை வாக்குகள் இன்னாருக்கு' என்று அறிவிப்பார்.

இதில் ரகசியமே கிடையாது. எல்லாம் வெளிப்படையான வாக்கு. மொத்த டெலிகேட்களில் பாதிக்கு மேல் யார் வாங்குகிறாரோ அவரே வேட்பாளர். 2024-ல் குடியரசுக் கட்சியின் மொத்த டெலிகேட்கள் 2,429, தேவைப்பட்டது 1,215. மில்வாக்கி மாநாட்டில் ஜூலை 15 அன்று ட்ரம்ப் அதைத் தாண்டினார். தாண்ட வைத்தது அவருடைய சொந்த மாநிலமான ஃபுளோரிடா. அந்த வாக்குகளை அறிவித்தவர் அவர் மகன் எரிக்.

தற்செயலா? இல்லை. அழைக்கும்போது ஒரு மாநிலம் 'பிறகு சொல்கிறோம்' என்று ஒதுங்கிக்கொள்ளலாம். வெற்றிக்கோட்டைத் தாண்ட வைக்கும் பெருமை யாருக்குப் போக வேண்டும் என்பதை இப்படித்தான் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள்.

டெலிகேட் மனம் மாறினால்?

குடியரசுக் கட்சியின் விதி கறாரானது. உட்கட்சித் தேர்தல் முடிவுக்குக் கட்டுப்பட்ட டெலிகேட், மாநாட்டில் வேறு ஒருவர் பெயரைச் சொன்னாலும் செல்லாது. கட்டுப்பட்ட வேட்பாளருக்கே அந்த வாக்கு பதிவாகும். 2016-ல் ட்ரம்பைப் பிடிக்காத சிலர், 'மனசாட்சிப்படி வாக்களிக்க விடுங்கள்' என்று விதியை மாற்றப் பார்த்தார்கள். நடக்கவில்லை. வேட்பாளரே விடுவித்தால்தான் வழி. 2024 மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்பு நிக்கி ஹேலி தன்னுடைய 97 டெலிகேட்களை விடுவித்து, ட்ரம்புக்கு வாக்களிக்கச் சொன்னது அப்படித்தான்.

ஜனநாயகக் கட்சியில் கயிறு கொஞ்சம் தளர்வு. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1980-ல் அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து எட்வர்ட் கென்னடி நின்றார். உட்கட்சித் தேர்தல்களில் தோற்றவர், 'டெலிகேட்களைக் கட்டிப்போடாதீர்கள், சுதந்திரமாக வாக்களிக்கட்டும்' என்று மாநாட்டில் போராடினார். அன்றைக்குக் கார்ட்டர் பக்கமே ஜெயித்தது. ஆனால் பின்னர் விதி மாறியது. தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்பதே இன்றைய விதியின் பொருள். இதை வைத்துக்கொண்டு டெலிகேட்கள் தாவிவிட மாட்டார்களா என்றால், பொதுவாக இல்லை. டெலிகேட் பட்டியலை வேட்பாளரின் தரப்பே முன்கூட்டிச் சரிபார்த்துவிடும்.

சூப்பர் டெலிகேட்கள் எதற்கு?

ஜனநாயகக் கட்சியில் இன்னொரு கூட்டமும் உண்டு. ஆளுநர்கள், எம்.பி.க்கள், முன்னாள் அதிபர்கள், கட்சியின் தேசியக் குழு உறுப்பினர்கள் என 700-க்கும் மேற்பட்டோர். யாரும் தேர்ந்தெடுக்காமல் பதவியாலேயே டெலிகேட் ஆனவர்கள். இவர்கள் எந்த வேட்பாளருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல.

2016-ல் இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹிலாரி கிளின்டன் பக்கம் நின்றது, பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர்களுக்குக் கடும் கோபத்தைக் கிளப்பியது. அதனால் 2018-ல் விதியை மாற்றினார்கள். போட்டி இருந்தால் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்களுக்கு வாக்கு கிடையாது. யாருக்கும் பெரும்பான்மை வராமல் இரண்டாம் சுற்றுக்குப் போனால் அவர்களும் வாக்களிக்கலாம்.

இரண்டாம் சுற்றெல்லாம் நடந்திருக்கிறதா?

தாராளமாக! 1924-ல் நியூயார்க்கில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் 103 சுற்றுகள் வாக்கெடுப்பு நடந்தது. அப்போதெல்லாம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. வில்லியம் மெக்காடூ, அல் ஸ்மித் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, சலித்துப்போய் ஜான் டேவிஸ் என்ற மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பரில் அவர் தோற்றது தனிக்கதை. மூன்றில் இரண்டு பங்கு விதியை 1936-ல் கட்சி கைவிட்டது. கடைசியாக ஒரு சுற்றுக்கு மேல் போனது 1952-ல். அட்லாய் ஸ்டீவன்சன் மூன்றாம் சுற்றில் வென்றார்.

ஆனால் இன்றைய முறைக்கு விதை போட்டது 1968. வியட்நாம் போரால் நாடு கொதித்துக்கொண்டிருந்தது. அதிபர் ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார், ராபர்ட் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். போரை எதிர்த்த வேட்பாளர்களுக்கு மக்கள் பிரைமரிகளில் வாக்களித்திருந்தார்கள். ஆனால் சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானவர், பிரைமரிகளில் போட்டியிடாமல் ஒதுங்கியிருந்த துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ப்ரி. பெரும்பாலான டெலிகேட்கள் கட்சித் தலைவர்களின் கையில் இருந்த காலம் அது. வெளியே தெருவில் போராட்டக்காரர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதை நாடே டிவியில் பார்த்தது. அதன் பிறகு கட்சி அமைத்த சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைகளால்தான் டெலிகேட்களைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெருமளவு வாக்காளர் பக்கம் வந்தது. அன்று முதல் ரோல் கால் பெரும்பாலும் சம்பிரதாயம்தான், 2024 வரை.

சரி, 2024-ல் என்ன ஆனது?

பைடன் கையில் சுமார் 3,900 டெலிகேட்கள் இருந்தார்கள். அவர் விலகிய அடுத்த நொடி, அத்தனை பேரும் சுதந்திரமானவர்கள். அவர் ஹாரிஸை ஆதரித்தது ஒரு பரிந்துரை, அவ்வளவே. விதிப்படி யார் வேண்டுமானாலும் களத்தில் இறங்கலாம். நிபந்தனை ஒன்றுதான். குறைந்தது 300 டெலிகேட்களின் கையெழுத்து வேண்டும், அதில் ஒரே மாநிலத்திலிருந்து 50 பேருக்கு மேல் கூடாது. அந்தத் தகுதியை எட்டியவர் ஹாரிஸ் மட்டுமே.

சிகாகோ மாநாடு ஆகஸ்ட் 19-ல் தொடங்குவதாக இருந்தது. ஆனால் வேட்பாளர் பெயரைத் தர ஓஹியோ மாநிலச் சட்டம் ஆகஸ்ட் 7 வரைதான் கெடு வைத்திருந்தது. பிறகு அந்தக் கெடுவை மாநிலம் தளர்த்தியபோதும், 'ரிஸ்க் வேண்டாம்' என்று கட்சி முடிவு செய்தது. ஆகஸ்ட் 1 முதல் 5 வரை இணையவழியில் வாக்கெடுப்பு. எதிர்ப்போட்டி இல்லாததால் சூப்பர் டெலிகேட்களும் வாக்களித்தார்கள். ஹாரிஸுக்கு 4,567 வாக்குகள், பதிவானதில் 99 சதவீதம். மற்றவர்களில் பலர், யாருக்கும் வாக்கில்லை, 'ஆஜர்' என்று மட்டும் பதிவு செய்தார்கள். சிகாகோவில் டிஜே இசையோடு நடந்த ரோல் கால், முடிந்துபோன முடிவின் கொண்டாட்டம்தான். ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் பூர்வீக ஊர் திருவாரூர் மாவட்டத்தின் துளசேந்திரபுரம் என்பதால், இந்தச் செய்தியை நம்ம ஊரிலும் ஆர்வமாகப் பார்த்தார்கள்.

இது ஜனநாயகமா?

ஹாரிஸுக்கு ஒருவர்கூட பிரைமரியில் அதிபர் வேட்பாளராக வாக்களிக்கவில்லை என்று குடியரசுக் கட்சியினர் கேட்டார்கள். பைடன் – ஹாரிஸ் ஜோடிக்குத்தானே மக்கள் வாக்களித்தார்கள் என்று மறுதரப்பு பதில் சொன்னது. இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வேட்பாளர் திடீரென விலகினாலோ இறந்தாலோ, ஐம்பது மாநிலங்களில் மறுபடி தேர்தல் நடத்த நேரம் இருக்காது. யாரோ சிலர் முடிவெடுத்தாக வேண்டும். அந்தச் சிலர் மூடிய அறைக்குள் இருக்கும் தலைவர்களா, மாநிலங்களிலிருந்து வந்த சில ஆயிரம் தொண்டர்களா என்பதுதான் 1968-க்கும் 2024-க்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்த அதிபர் தேர்தல் 2028-ல். ட்ரம்ப் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட அரசியலமைப்பு அனுமதிக்காது என்பதால் இரு கட்சிகளுக்கும் புது முகம் தேவைப்படும். போட்டியாளர்கள் கூடினால் டெலிகேட்கள் சிதறுவார்கள். அப்போது செய்தியில் 'பிரைமரியில் இவர் முன்னிலை' என்று வந்தால், வாக்கு சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் டெலிகேட் எண்ணிக்கையையும் பாருங்கள். வேட்பாளரைத் தீர்மானிக்கப்போவது அந்த எண்தான்.