வைக்கோலில் இருந்து எத்தனால்: விற்கும் முன் கணக்குப் பாருங்கள்

"வைக்கோலில் இருந்து எரிபொருள் எடுக்கிறார்களாமே, நம் வைக்கோலுக்கும் விலை வருமா?" என்று பயிற்சிகளில் விவசாயிகள் பலர் கேட்கிறார்கள். எடுப்பது உண்மைதான். ஹரியானா மாநிலம் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் நெல் வைக்கோலைக் கொண்டு சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிப்பது அதன் திட்டம். அதாவது, டன்னுக்கு 150 லிட்டர். இது பெட்ரோலில் கலக்கப்படும்.

கரும்பாலைக் கழிவுப்பாகில் சர்க்கரை நேரடியாகவே இருப்பதால் ஈஸ்ட் சேர்த்தாலே நொதித்துவிடும். வைக்கோலில் அப்படியில்லை. அதன் சர்க்கரை செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருட்களாகக் கட்டுண்டு, லிக்னினால் சூழப்பட்டிருக்கிறது. நீர்த்த அமிலமும் நீராவியும் கொண்டு நாரைத் தளர்த்தி, என்சைம்களால் சர்க்கரையாக உடைத்த பிறகே ஈஸ்ட்டுக்கு வேலை. கடைசியில் காய்ச்சி வடித்து, நீரை முழுவதும் நீக்க வேண்டும். என்சைம் விலை அதிகம். நெல் வைக்கோலில் உள்ள சிலிக்கா இயந்திரங்களையும் தேய்க்கும். ஆகவே இது பண்ணையில் செய்யக்கூடிய தொழில் அல்ல. நீங்கள் மூலப்பொருள் தருபவர் மட்டுமே.

அங்கே நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் சில வாரங்களே கிடைக்கின்றன. அதனால் வைக்கோலை வயலிலேயே எரித்தார்கள். நம் ஊரிலோ மாடு அதைத் தின்கிறது. ஏற்கெனவே விலை உள்ள பொருள் இது.

மண் கணக்கையும் பாருங்கள். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 14 முதல் 20 கிலோ சாம்பல்சத்தும் இருக்கின்றன. ஏக்கருக்கு 2 டன் வைக்கோலை வெளியே அனுப்பினால், ஏறத்தாழ 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்று வயலை விட்டுப் போகிறது. அந்த மூட்டையின் விலையாவது வைக்கோல் விலையில் அடங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இத்தகைய ஆலை அருகில் வந்து, பருத்தி மாரையும் வாங்கினால் முதலில் அதைக் கொடுங்கள். மாடு தின்னாது, வயலில் விட்டால் அதிலுள்ள காய்களில் இளஞ்சிவப்பு காய்ப்புழு தங்கும். கரும்புச் சோகையை மறுதாம்புக்கு மூடாக்காக வைத்துக்கொள்வதே நல்லது.

வைக்கோல்தான் விற்பீர்கள் என்றால், வியாபாரியிடம் மூன்றைக் கேளுங்கள்: விலை டன்னுக்கா, கட்டுக்கா? ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள்? கட்டும் இயந்திர வாடகையும் லாரி வாடகையும் யார் பொறுப்பு? வைக்கோல் எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். ஆலை தூரமாக இருந்தால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும்.