லாப்டாப்புக்கு ஜுரம்!

ஆட்டம் உச்சத்தில் இருக்கும். எதிரி கண்ணெதிரே நிற்பான். சுடுவதற்குப் பொத்தானை அழுத்தினால், திரையில் இருக்கும் வீரன் ஆடி அசைந்து, அரை விநாடி கழித்துத்தான் துப்பாக்கியைத் தூக்குவான். அதற்குள் அவன் கதை முடிந்துவிடும்!

நேற்று வரை நன்றாக ஓடிய லாப்டாப்தான். இன்று இப்படி. தொட்டுப் பார்த்தால், எழுத்துப் பொத்தான்களுக்கு மேலே இருக்கும் பகுதி தோசைக் கல்லாகக் கொதிக்கிறது. உள்ளே இருக்கும் விசிறி மாவு மில் மாதிரி இரைகிறது.

விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட லாப்டாப் உள்ள வீடுகளில் இது சர்வசாதாரணமான சங்கதி. அத்தனை பணம் கொடுத்து வாங்கிய யந்திரம் இரண்டே வருஷத்தில் படுத்துவிட்டதே என்று தகப்பனார் கோபிப்பார். ராத்திரி பகலாக ஆடினால் வேறு என்ன ஆகும் என்பார் தாயார். பையனோ புதிது ஒன்று வேண்டும் என்பான். ரிப்பேருக்குக் கொண்டுபோனால், 'போர்டு போய்விட்டது' என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னாலும் சொல்லலாம்.

எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பெரும்பாலான சமயங்களில் அந்த யந்திரம் கெட்டுப் போகவே இல்லை. கெட்டுப் போகாமல் தப்புவதற்காகத் தானே வேகத்தைக் குறைத்துக் கொண்டிருக்கிறது!

புகைந்த சில்லு, பிழைத்த சில்லு

2001-ம் ஆண்டில் நடந்த ஒரு சோதனையைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து எழுதும் 'டாம்ஸ் ஹார்டுவேர்' என்ற இணையப் பத்திரிகையைத் தொடங்கியவர் தாமஸ் பாப்ஸ்ட். ஜெர்மானியர், வைத்தியம் படித்தவர். கம்ப்யூட்டரின் மூளையாக வேலை செய்யும் பிராசஸர் சில்லு, சூட்டை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க அந்தப் பத்திரிகை ஒரு காரியம் செய்தது. 'குவேக் 3' என்ற ஆட்டத்தை ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, சில்லின் தலைமேல் இருந்த குளிர்விக்கும் உலோகக் கட்டியை அப்படியே பிடுங்கி எடுத்தார்கள்!

ஏ.எம்.டி. கம்பெனியின் 'அத்லான்' சில்லு சில விநாடிகளில் புகைந்து மாண்டது. இன்டெல் கம்பெனியின் 'பென்டியம் 3' ஸ்தம்பித்து நின்றது. ஆனால் உயிர் போகவில்லை. அதே கம்பெனியின் 'பென்டியம் 4' செய்ததுதான் வேடிக்கை. ஆட்டம் நிற்கவில்லை. நொண்டியது. தத்தித் தத்தி ஓடியது. கட்டியைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டது.

சூடு எல்லை மீறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்குள் இருந்தது. இன்று விற்கும் லாப்டாப் சில்லுகள் எல்லாவற்றிலும் அந்த ஏற்பாடு உண்டு. ஆகவே, ஆடும் பையனைத் திணற அடிக்கும் அந்த மந்தகதி வியாதி அல்ல, வைத்தியம்!

உதாரணமாக, 2019-ல் வெளிவந்து ஏராளமான விளையாட்டு லாப்டாப்களில் இடம் பிடித்த இன்டெல் 'ஐ7-9750ஹெச்' சில்லை எடுத்துக்கொள்ளலாம். அதன் சாதாரண வேகம் 2.6 கிகா ஹெர்ட்ஸ். அவசரத்துக்கு 4.5 வரை பாயும். உஷ்ண எல்லை 100 டிகிரி சென்டிகிரேட். அந்த எல்லையைத் தொட்டதும் கடிவாளம் இழுபடும். ஏ.எம்.டி.யின் 'ரைசன் 7 5800ஹெச்' சில்லுக்கு எல்லை 105 டிகிரி.

எனவே, ஆட்டத்தின்போது 80, 85 டிகிரி காட்டினால் பதற வேண்டியதில்லை. மனிதனுக்குத்தான் அது ஆகாது. இந்த யந்திரங்களுக்கு அது வாடிக்கை.

பெட்டிக்குள் ஓர் இட்லிப் பானை

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? விளையாட்டு லாப்டாப்பின் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் 180 வாட், 230 வாட் என்றெல்லாம் போட்டிருக்கும். உள்ளே போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. பழைய காலத்து 60 வாட் குண்டு பல்புகள் மூன்றை எரியவிட்டு, ஒரு கணக்கு நோட்டுக்குள் வைத்து மூடியது போலத்தான்!

இந்தச் சூட்டை வெளியேற்றும் உபாயம் சாமர்த்தியமானது. பிராசஸரின் மேலும், படங்களைத் தீட்டும் கிராபிக்ஸ் சில்லின் மேலும் செம்புத் தகடு பதிந்திருக்கும். அதிலிருந்து தட்டையான செம்புக் குழாய்கள் ஓரத்துக்கு ஓடும். குழாய் காலி அல்ல. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சொட்டுக் கணக்கில் தண்ணீர் அடைத்திருப்பார்கள். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகி, மறு முனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து மறுபடி நீராகி, உள்சுவரில் உள்ள திரி போன்ற அமைப்பின் வழியே திரும்பி வரும். இட்லிப் பானையின் மூடியில் ஆவி முத்து முத்தாகத் தேங்குகிறதல்லவா? அதே தத்துவம்தான். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் 1963-ல் ஜார்ஜ் குரோவர் என்பவர் இத்தகைய குழாயைச் செய்து காட்டினார். வானவெளிக் கலங்களுக்கென்று வளர்ந்த வித்தை இன்று பையன்களின் மேஜைக்கு வந்துவிட்டது.

குழாயின் குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகத் தகடுகள் சீப்புப் பல் போல நெருக்கமாக நிற்கும். அடிப்பக்கத் துவாரங்கள் வழியே விசிறி காற்றை இழுத்து, அந்தத் தகடுகளின் இடுக்கு வழியாக வெளியே தள்ளும். சூடும் கூடவே போய்விடும்.

புழுதி மெத்தை

கோளாறு பிறக்கும் இடம் இதுதான். விசிறி காற்றை மட்டுமா இழுக்கிறது? துணி இழை, தலைமயிர், தெருப் புழுதி, சமையலறைப் புகை எல்லாவற்றையும் இழுக்கிறது. தகடுகளின் இடுக்கில் இவை சிக்கிக்கொள்ளும். ஒரு வருஷம், இரண்டு வருஷத்தில் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போன்ற மெத்தை ஒன்று உருவாகிவிடும். விசிறி எத்தனை வேகமாகச் சுற்றினால் என்ன? காற்று போக வழி இல்லை!

இந்த மெத்தை உட்புறத்தில் இருப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. யந்திரம் பளபளவென்றுதான் இருக்கும். ஓர் அடையாளம் உண்டு: விசிறி பலமாக இரையும், ஆனால் பக்கத்துத் துவாரத்தில் கையை வைத்தால் காற்று பலவீனமாக வரும்.

கோளாறு திடீரென்று வந்ததாகத் தோன்றுவதும் இதனால்தான். புழுதி தினம் தினம்தான் சேர்ந்தது. சூடு 85, 90, 95 என்று ஏறிக்கொண்டே இருந்தபோது ஆட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எல்லையைத் தொட்ட அன்றைக்குத்தான் கடிவாளம் விழுந்தது. அதுவும் கத்திரி வெயில் நாளாக இருந்தால் கேட்க வேண்டியதில்லை. அறைக்குள் பத்து டிகிரி கூடினால் பெட்டிக்குள்ளும் ஏறத்தாழ அத்தனையும் கூடும்.

முதலில் நாடி பார்த்தல்

ஸ்குரு டிரைவரை எடுப்பதற்கு முன் சில சங்கதிகளைக் கவனிக்க வேண்டும்.

தாமதம் எந்த வகை? மற்றவர்களுடன் இணையத்தில் ஆடும்போது, படம் வழவழவென்று ஓடுகிறது. ஆனால் ஓடிய வீரன் மட்டும் பின்னால் தூக்கி எறியப்படுகிறான் என்றால், குற்றம் இணைய இணைப்பில். லாப்டாப்பைத் திறந்து பிரயோஜனமில்லை. படமே வெட்டி வெட்டி வருகிறதா? அப்போதுதான் உஷ்ணத்தைச் சந்தேகிக்கலாம். அதிலும், முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு நொண்டினால் சந்தேகம் பலமாகிறது.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் 'டாஸ்க் மானேஜர்' திறக்கும். ஆட்டம் நொண்டும்போது சில்லு எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை அங்கே காணலாம். உஷ்ணத்தைக் காட்ட 'ஹெச்.டபிள்யூ. இன்போ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஓடவிட்டு இருபது நிமிஷம் ஆடிவிட்டு வந்து பார்த்தால், அதிகபட்சமாக எத்தனை டிகிரி போயிற்று, சூட்டினால் வேகம் குறைக்கப்பட்டதா என்பதையெல்லாம் குறித்து வைத்திருக்கும். சூடு எல்லையைத் தொட்டு, வேகமும் விழுந்திருந்தால் விஷயம் வெட்ட வெளிச்சம்.

ஆடாமல் சும்மா இருக்கும்போதே கொதிக்கிறதென்றால், எந்த மென்பொருள் சில்லை ஆக்கிரமித்திருக்கிறது என்று அதே டாஸ்க் மானேஜரில் தேடவேண்டும். திருட்டுத்தனமாகப் புகுந்து, பிறர் லாபத்துக்காகக் கணக்குப் போடும் மென்பொருள்களும் உண்டு.

ஜுரமில்லாத நொண்டல்

சூடு 60 டிகிரிதான். ஆனாலும் வேகம் 0.8 கிகா ஹெர்ட்ஸுக்கு மேல் எழும்ப மறுக்கிறது. இப்படியும் வரும். அப்போது புழுதியைக் குறை சொல்லக் கூடாது. சார்ஜரைப் பார்க்கவேண்டும். யந்திரத்தோடு வந்த 230 வாட் சார்ஜர் இருக்க, நண்பனின் 65 வாட் சார்ஜரைச் சொருகி ஆடுபவர்கள் உண்டு. சார்ஜர் இல்லாமல் பாட்டரியில் ஆடினாலும் யந்திரம் சிக்கனத்துக்கு இறங்கிவிடும். 'சைலன்ட்' நிலையில் வைத்துவிட்டு மறந்துபோவதும் உண்டு. இவை ஒன்றுமே இல்லை என்றால்தான் உள்ளே உணர்கருவி ஏதாவது பொய் சொல்கிறதா என்று தொழிலாளி பார்க்கவேண்டும்.

2018 ஜூலையில் ஆப்பிள் கம்பெனிக்கே ஒரு சோதனை வந்தது. புதிதாக வெளியிட்ட 'மாக்புக் ப்ரோ'வில், விலை உயர்ந்த 'ஐ9' சில்லு சூட்டினால் மிகவும் படுத்துக்கொள்கிறது என்று டேவ் லீ என்ற யூடியூப் விமர்சகர் காட்டினார். குளிர்சாதனப் பெட்டியின் உறைப் பகுதிக்குள் அந்த லாப்டாப்பை வைத்து வேலை வாங்கியபோது, வேலை சீக்கிரம் முடிந்தது! அந்த மாதமே ஆப்பிள் காரணத்தைக் கண்டுபிடித்தது. உஷ்ணத்தைச் சமாளிக்கும் உள்மென்பொருளில் ஒரு சிறு விடுபாடு. இணையம் வழியே திருத்தம் அனுப்பினார்கள். ஆகவே உற்பத்தியாளர் தரும் 'பயாஸ்' திருத்தங்களையும் அலட்சியம் செய்யக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி உத்தியை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளெல்லாம் ஈரம் பூக்கும்.

காசில்லாத சிகிச்சை

புதிதாக ஒன்றும் வாங்காமலே செய்யக்கூடியவை சில. மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து ஆடுவதை நிறுத்த வேண்டும். துணி அடிப்பக்கத் துவாரத்தை அடைத்துவிடும். மேஜையில் வைத்து, துவாரத்தை மறைக்காமல், பின்பக்கத்தைப் புத்தகம் கொடுத்து இரண்டு விரற்கடை தூக்கினாலே சூடு சற்று இறங்கும். கடைகளில் விற்கும் விசிறிப் பலகையும் ஓரளவு உதவும். ஆனால் உள்ளே மெத்தை போட்டிருக்கும் புழுதிக்கு அது மருந்தல்ல.

திரை விநாடிக்கு 60 படங்களைத்தான் காட்டும் என்றால், ஆட்டம் 140 படங்களைத் தீட்டுவது வீண் உழைப்பு. ஆட்டத்தின் அமைப்பில் 60 என்று வரம்பு கட்டலாம். விண்டோஸின் மின்சார அமைப்பில் பிராசஸரின் உச்ச நிலையை 100-லிருந்து 99 சதவிகிதமாக்கினால், பல லாப்டாப்களில் அந்த அவசரப் பாய்ச்சல் நின்றுவிடும். ஒரு சதவிகிதம்தானே என்று நினைக்கக் கூடாது. சூடு கணிசமாகக் குறையும். பல ஆட்டங்களில் வித்தியாசமும் அவ்வளவாகத் தெரியாது.

சுத்தம் செய்வது அடுத்தது. உத்தரவாதக் காலம் பாக்கி இருந்தால் கம்பெனியிடமே கொடுப்பது உத்தமம். கைத்திறன் உள்ளவர்கள் யந்திரத்தை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடித் தகட்டைத் திறந்ததும் முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றவேண்டும். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றுப் பீச்சவேண்டும். இல்லாவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பாழாகிவிடும்.

சில்லுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே பசை ஒன்று உண்டு. வருஷக்கணக்கில் அது காய்ந்துபோகும். சில நூறு ரூபாயில் நல்ல பசை கிடைக்கிறது. ஆனால் சில யந்திரங்களில் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் வைத்திருப்பார்கள். அது மின்சாரத்தைக் கடத்தும்; ஒரு துளி சிந்தினாலும் போர்டு உண்மையிலேயே போய்விடும். அங்கே வீட்டு வைத்தியம் கூடாது.

சில இடங்களில் இதற்கெல்லாம் 'விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடவேண்டும்' என்பார்கள். அழித்துப் போடுவதால் பையனின் படங்களும் பாடங்களும் போகும். புழுதி போகாது!

தாமதிக்கக் கூடாத அடையாளம் ஒன்று இருக்கிறது. விரல் வைத்துத் தடவும் பலகை மேலே எழும்பி நிற்கிறதா? மூடி சரியாக மூட மறுக்கிறதா? அடித் தகடு வயிறு புடைத்தாற்போல இருக்கிறதா? அப்படியானால் உள்ளே பாட்டரி உப்பியிருக்கிறது. அந்தக் கணமே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். அழுத்தியோ குத்தியோ பார்க்கக் கூடாது, தீப்பிடிக்கும். மெத்தை, திரைச்சீலை முதலியவற்றிலிருந்து தள்ளி, வெறும் தரையில் வைத்துவிட்டு, பாட்டரி மாற்றத் தெரிந்தவரைத் தேட வேண்டும். கழற்றிய பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் எறியாமல், மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் ஒப்படைக்க வேண்டும்.