மூளையின் எல்லைக் கோடுகள்

ரயில்வேயில் ஒரு கோட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பலகை நட்டிருப்போம். மூளையில் பலகை கிடையாது, பள்ளங்கள்தாம் அடையாளம்.

பெருமூளையின் மேலுறை 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் விரித்தால் ஏறக்குறைய 2000 சதுர சென்டிமீட்டர் வரும். மண்டையோட்டுக்குள் அடங்குவதற்காக அது மடிந்து கிடக்கிறது. சுமார் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்திருக்கிறது.

ஒவ்வொரு பாதியிலும் நெற்றி, உச்சி, பொட்டு, பிடரி என நான்கு மடல்கள். பக்கவாட்டில் ஓடும் ஆழமான பள்ளத்துக்கு, 17-ஆம் நூற்றாண்டில் லைடன் நகரில் பேராசிரியராக இருந்த சில்வியஸின் பெயர். அதற்குக் கீழே பொட்டு மடல். உச்சியிலிருந்து இறங்கிவரும் இன்னொரு பள்ளம் இத்தாலியரான ரோலண்டோவின் பெயரால் வழங்குகிறது. அதன் முன்கரை கைகால்களை அசைக்கிறது. பின்கரை தொடுவுணர்வைப் பெறுகிறது. பிடரி மடலின் எல்லை உட்சுவரில் தெளிவாகத் தெரியும். வெளிப்பக்கத்தில் பெரும்பாலும் கற்பனைக் கோடுதான், சர்வே வரைபடத்தில் புள்ளிக்கோடு போடுவதைப் போல!

ரோலண்டோ பள்ளத்தின் முன்கரையில், கைக்கான இடம் மட்டும் குமிழாகப் புடைத்திருக்கும். ஸ்கேன் படத்தில் அது குதிரை லாடம் மாதிரி தெரியும். அதைப் பிடித்துக்கொண்டால் பள்ளம் எதுவென்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் நான் படித்தது நம் சங்க அன்பர் ஒருவருக்காக. பேச்சுக்கான பகுதிக்கும் அந்தக் குமிழுக்கும் நடுவே, இடது நெற்றி மடலில் அவருக்குக் கட்டி. கட்டி வளர்ந்தால் பள்ளங்களை நெருக்கித் தள்ளிவிடும். அடையாளத்தை மட்டும் நம்பிக் கத்தி வைக்க முடியாது. ஆகவே நோயாளியை விழிப்பில் வைத்து, மேலுறையில் சிறு மின்சாரம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். மூளைக்கு வலி தெரியாது. மாண்ட்ரியாலில் பென்ஃபீல்டு 1930-களிலேயே இப்படிக் கையின் இடம், நாக்கின் இடம் என்று வரைபடம் போட்டவர்.

சோதனையில் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். அன்பரின் மனைவி டாக்டரிடம் கேட்டார்: "ஹிந்தியில் மட்டும் கேட்டால் போதுமா சார்? வீட்டில் நாங்கள் தமிழ்தானே பேசுகிறோம்?" நியாயமான கேள்வி. சில இடங்களைத் தூண்டும்போது ஒரு மொழியில் மட்டும் பெயர் வராமல் போவதுண்டு என்று ஓஜமனும் விட்டேக்கரும் 1978-லேயே எழுதியிருக்கிறார்கள். டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். சோதிக்கும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே குடை, கரண்டி, பூட்டு, யானை என்று 40 சொற்களை ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் "கரண்டி"யை "கரன்டி" என்றதும், படுத்திருந்தபடியே அவர் திருத்தினாராம்!

கட்டியில் ஒரு சிறு பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். அங்கே மின்சாரம் பட்டதும் தமிழ்ப் பெயர்கள் தடுமாறின. வலது கை தேற ஆறு வாரம் பிடித்தது. மிச்சத்துக்கு மருந்தும் ஆறு மாதத்துக்கொரு ஸ்கேனும்.

பட்டியல் என்னிடம் இருக்கிறது. தேவைப்படுவோர் சங்க அலுவலகத்தில் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.