சீட் கிடைத்தால் மட்டும் போதாது: அமெரிக்காவில் எழுத்துப் படிப்பும் அதற்கான பணமும்

ஆங்கிலத்தில் கதையோ கவிதையோ எழுதுகிறவர்கள், அதையே முதுநிலைப் பட்டமாகப் படிக்க அமெரிக்கா போகலாமா என்று யோசிக்கிறவர்கள், உங்களுக்காகத்தான் இந்தக் காணொளி. எம்.எஃப்.ஏ. என்று சொல்வார்கள், இரண்டு ஆண்டு, சில இடங்களில் மூன்று ஆண்டு. எப்படி விண்ணப்பிப்பது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பணத்துக்கு என்ன வழி என்பதை சீட் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் என் வாதம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவித்தொகை தருகிற இடங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். கடன் வாங்கி இந்தப் படிப்பைப் படிக்கவே வேண்டாம். இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் படிப்பு பேர்பெற்றது. அங்கே ஓராண்டுக் கட்டணமே 60,000 டாலருக்கு மேல். பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒரு பகுதிதான் குறையும். தள்ளுபடியே இல்லாமல் இரண்டு ஆண்டு என்றால் 1,20,000 டாலருக்கு மேல். டாலரை 85 ரூபாய் என்று குறைத்துப் பிடித்தாலும் ஒரு கோடியைத் தாண்டிவிடுகிறது. வாடகையும் சாப்பாடும் இன்னும் சேரவில்லை. அமெரிக்க அரசு தன் குடிமக்களுக்குக் கொடுக்கும் கல்விக் கடன் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது, ஆகவே நம் ஊர் வங்கிதான் கதி. ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். பெற்றோர் பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும். ஒரு கோடியை 11 சதவீத வட்டியில் 15 ஆண்டில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை 1,13,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. படிக்கும் காலத்தில் ஏறிய வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை. இதே தொகையைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கக் கடன் வாங்குகிறவருக்குப் படிப்பு முடிந்ததும் அங்கேயே மூன்று ஆண்டு வரை வேலை செய்ய அனுமதி கிடைக்கிறது. அந்த அனுமதி உள்ள பாடங்களின் பட்டியலில் எழுத்துப் படிப்பு இல்லை, ஓராண்டோடு சரி. அந்த ஓராண்டில் கதை எழுதி லட்சக்கணக்கில் தவணை கட்டிய ஆளை எந்த நாட்டிலும் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பட்டம் வேலை வாங்கித் தராதா என்று கேட்கலாம். எழுத்துக் கலையில் எம்.எஃப்.ஏ.தான் கடைசிப் பட்டம், அதை வைத்தே அமெரிக்கக் கல்லூரியில் பாடம் நடத்தலாம் என்பது உண்மை. ஆனால் நிரந்தரப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணலில் எடுபடுவது வெளிவந்த புத்தகம். புத்தகம் இல்லாதவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் செமஸ்டருக்கு செமஸ்டர் கையெழுத்தாகும் தற்காலிக வேலை. அப்படியென்றால் இந்தப் படிப்பு கொடுப்பது என்ன? வேறு வேலை பார்க்காமல் எழுத இரண்டு மூன்று ஆண்டு, எழுதியதை வாரா வாரம் கவனமாகப் படித்துக் குறை சொல்லும் பத்துப் பன்னிரண்டு வாசகர்கள், ஒரு தேர்ந்த எழுத்தாளரின் திருத்தம். எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தை வட்டிக்கு வாங்கினால், படிப்பு முடிந்த மறுநாளே எழுதாமல் இருப்பதற்கான காரணமாக அது மாறிவிடும். முதல் நாவலை முடிக்க வேண்டிய வயதில் தவணைக்காக ஏதோ ஒரு அலுவலகத்தில் ராத்திரி வரை உட்கார வேண்டியிருக்கும்.

சரி, பணம் தரும் இடங்கள் ஏன் தருகின்றன? இதைப் புரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பதும் தானே விளங்கும். இந்தப் படிப்பு அமைப்பாக உருவானது பெருநகரத்தில் இல்லை. சோளக்காடுகள் சூழ்ந்த அயோவா மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் 1936-ல் தொடங்கியது. 1941 முதல் 1965 வரை அதை நடத்திய கவிஞர் பால் எங்கிள், பணம் திரட்டுவதையே பாதி வேலையாகச் செய்து அதைப் பெரிதாக்கினார். இப்படிப்பட்ட அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான முதலாண்டு மாணவர்கள் சேர்கிறார்கள். எந்தப் பாடம் படித்தாலும் ஆங்கிலக் கட்டுரை எழுதும் வகுப்பு ஒன்றை அவர்கள் முடித்தாக வேண்டும். அத்தனை வகுப்புகளுக்கும் பேராசிரியர்களைப் போட்டால் கட்டுப்படியாகாது. எழுத்துப் படிப்பு மாணவர்களை அங்கே பாடம் நடத்தச் சொல்லி, பதிலுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் கொடுக்கிறார்கள். டி.ஏ. என்று சொல்வது இதைத்தான். இந்தியானா, அலபாமா, ஆர்கன்சா போன்ற பெயர்கள் நம் காதில் அதிகம் விழாமல் இருந்தும் அங்கே நிதி கிடைப்பதற்கும், புகழ்பெற்ற பெருநகரப் படிப்பில் கிடைக்காமல் போவதற்கும் காரணம் இந்த ஏற்பாடுதான். இன்னொரு வழி கொடையாளர்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மிச்னர் மையம் நாவலாசிரியர் ஜேம்ஸ் மிச்னரின் கொடையால் நடக்கிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர், மூன்று ஆண்டு, பாடம் நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகப் படிப்புக்கு 2013-ல் ஜெல் குடும்ப அறக்கட்டளை 5 கோடி டாலர் கொடுத்தது. சிரக்யூஸ், கார்னெல் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களும் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் முழுச் செலவையும் ஏற்கின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்து எடை போடாமல் அந்தத் துறை யாருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அயோவா என்றதும் பலருக்கு எழுத்தாளர் அசோகமித்திரனின் 'ஒற்றன்' நாவல் நினைவுக்கு வரும். அவர் 1973-ல் போனது இந்தப் பட்டப் படிப்புக்கு இல்லை. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு எழுத்தாளர்களை அழைத்துச் சில மாதங்கள் தங்கவைக்கும் வேறொரு திட்டம் அது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முழு நிதி என்று வலைத்தளத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். துறை அனுப்பும் நிதிக் கடிதத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு 24,000 டாலர் உதவித்தொகை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 என்று உடனே வகுத்துவிடக் கூடாது. பல இடங்களில் அது ஒன்பது மாதச் சம்பளம். மே மாதத்தோடு நின்றால் அடுத்தது வர ஆகஸ்டோ செப்டம்பரோ ஆகும், வாடகையோ பன்னிரண்டு மாதமும் போகும். அடுத்து, ட்யூஷன் தள்ளுபடி என்றால் எல்லாக் கட்டணமும் தள்ளுபடி என்று அர்த்தமில்லை. வெளிநாட்டு மாணவர் கட்டணம், தொழில்நுட்பக் கட்டணம் என்று சில தனியாக வரலாம், அவை உதவித்தொகையிலிருந்துதான் போகும். மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை முழுக்க அவர்களே கட்டுகிறார்களா, பாதியா என்று பாருங்கள். அந்த நாட்டில் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான், அதுவும் வளாகத்துக்குள்ளேதான் வேலை செய்யலாம். டி.ஏ. வேலையே அந்த 20 மணி நேரத்தைத் தின்றுவிடும் என்பதால் வெளியே ஏதாவது செய்து சமாளிக்கலாம் என்ற நினைப்புக்கு இடமில்லை. கணவனையோ மனைவியையோ எஃப்-2 விசாவில் அழைத்துப் போனால் அவர்களும் வேலை பார்க்க முடியாது. உதவித்தொகைக்கு வரியும் உண்டு. ஆனால் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட வரி ஒப்பந்தப்படி இந்திய மாணவர்கள் நிலையான கழிவைக் கோரலாம். மற்ற வெளிநாட்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு இது கிடையாது. தெரியாமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, நிதி தரும் இடங்களில் நுழைவது குதிரைக்கொம்பு என்பது. உண்மைதான். கார்னெல் ஆண்டுக்கு எட்டே பேரைச் சேர்க்கிறது, கதைக்கு நான்கு, கவிதைக்கு நான்கு. ஆனால் இதிலிருந்து, கிடைக்கிற இடத்தில் பணம் கட்டிச் சேர்ந்துவிடலாம் என்ற முடிவுக்கு வருவது சரியில்லை. எட்டுப் பத்து இடங்களுக்கு விண்ணப்பித்து, கிடைக்கவில்லை என்றால் மறு ஆண்டு இன்னும் நல்ல கதையோடு விண்ணப்பிக்கலாம். அதில் போவது ஓராண்டும் விண்ணப்பக் கட்டணமும்தான். அந்தக் கட்டணத்தையும் கேட்டால் தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கூச்சப்படாமல் மின்னஞ்சல் போடுங்கள்.

பாடம் நடத்தினால் எழுத நேரம் எங்கே என்பது இன்னொரு கேள்வி. இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது லேசான வேலை இல்லை. சில துறைகள் செமஸ்டருக்கு ஒரு வகுப்பும் சில இரண்டும் கொடுக்கின்றன, அந்த வித்தியாசம் உதவித்தொகையில் ஓராயிரம் டாலர் கூடுவதைவிடப் பெரியது. இருந்தாலும் வாரத்தில் 20 மணி நேரத்தை விற்பதும், படிப்பு முடிந்து 15 ஆண்டை அடகு வைப்பதும் ஒன்றாகிவிடாது.

பணம் கட்டிப் படித்தவர்களும் பெரிய எழுத்தாளர்களாகியிருக்கிறார்களே என்று பெயர்களை அடுக்குவார்கள். ஒரு பெயரைக் காட்டி எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். ஈழப் போரைப் பற்றிய நாவலுக்காக 2024-ல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்ற வி.வி. கணேசானந்தன் அயோவாவில் படித்தவர், இப்போது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எழுத்து கற்பிக்கிறார். 2021-ல் புக்கர் இறுதிப் பட்டியலுக்கு வந்த அனுக் அருட்பிரகாசம் படித்தது தத்துவம். பட்டம் இல்லாமலும் நல்ல நாவல் வரும் என்றால், அந்தப் பட்டத்துக்காக வீட்டை அடகு வைப்பதற்கான நியாயம் இன்னும் குறைகிறது.

விண்ணப்பத்துக்கு வருவோம். மதிப்பெண் பட்டியல், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், நோக்க உரை, டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். எல்லாம் கேட்பார்கள், ஜி.ஆர்.இ. பெரும்பாலான இடங்களில் போய்விட்டது. மூன்று ஆண்டு பி.ஏ. மட்டும் முடித்தவர்கள், அதை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இடத்துக்கு இடம் மாறுகிறது. பொறியியல் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இவையெல்லாம் வாசலைத் தாண்டத்தான். உள்ளே இடத்தைத் தீர்மானிப்பது நீங்கள் அனுப்பும் எழுத்து: கதை என்றால் 20, 30 பக்கம், கவிதை என்றால் பத்துப் பக்கம் அளவில். நூற்றுக்கணக்கான கட்டுகளைப் படிக்கிறவர் முதல் இரண்டு பக்கத்திலேயே ஒரு முடிவுக்கு வரத் தொடங்கிவிடுவார். ஆகவே இருப்பதிலேயே நல்ல கதை முதலில் வரட்டும். நாவலின் நடுவிலிருந்து ஓர் அத்தியாயத்தைப் பிய்த்து அனுப்பினால் முன்கதை தெரியாமல் தவிப்பார்கள். இட்லியை அரிசி கேக் என்று விளக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம். உங்கள் தெருவை உங்கள் தெருவாகவே எழுதுங்கள், அவர்கள் தேடுவது அதைத்தான். ஆங்கிலத்தைவிடத் தமிழில் கை ஓடுகிறவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது: அயோவாவில் இலக்கிய மொழிபெயர்ப்புக்கென்றே தனி எம்.எஃப்.ஏ. உண்டு. இரண்டு மொழியும் வசப்பட்டவர்கள் அதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வருகின்றன; பதில் பிப்ரவரி, மார்ச்சில். நிதியோடு இடம் கொடுத்தால் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவது என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன்பே சரி சொல்லுங்கள் என்று நெருக்கினால் அந்த ஒப்பந்தத்தை மரியாதையாக நினைவூட்டுங்கள். இடைப்பட்ட நாட்களில் அங்கே இப்போது படிக்கும் இரண்டு பேருக்காவது எழுதி, கோடையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள், இரண்டாம் ஆண்டிலும் அதே தொகை வந்ததா என்று கேளுங்கள். அந்தப் பதிலையும் துறையின் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விசாவுக்கான ஐ-20 படிவத்துக்கு எழுதுங்கள்.