எழுத்துத் தடுமாறிய வீரன்

பாடநூலைக் கண்டாலே ஒளிக்கும் என் இளைய மகன், ஆங்கிலச் சிறுவர் நாவலொன்றை எழுத்தெழுத்தாய் விரல்வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். வியப்பினும் ஐயமே எனக்கு மிகுந்தது. மின்னலைக் களவாடிய கதையாம் அது. கிரேக்கத் தெய்வங்கள் இக்கால அமெரிக்காவில் உலாவுகின்றனவாம். தொல்கதையைச் சிதைத்தல் தகுமோ என்றெண்ணியே அதனை வாங்கிப் படிக்கலானேன்.

2005ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் ஆசிரியர் றிக் றையோடன்; அமெரிக்காவிற் பள்ளியாசிரியராய் இருந்தவர். அவருடைய மகனுக்கு வாசிப்பு இடர்ப்பாடும் கவனக் குறைபாடும் இருந்தன. அச்சிறுவன் விரும்பியவை கிரேக்கக் கதைகளே. இரவில் தந்தை சொல்லிவந்த பழங்கதைகள் தீர்ந்தபோது, புதியதொன்று சொல்லுமாறு வேண்டினான். அவ்வாறு பிறந்தவனே பேர்சி ஜக்சன்.

கடற்றெய்வமாகிய பொசைடனின் மகன் பேர்சிக்கும் அவ்விரு குறைகளும் உண்டு. ஆங்கில எழுத்துக்கள் அவன் கண்முன் மிதந்தோடுவது ஏன்? அவன் மூளை பண்டைக் கிரேக்கத்துக்கென அமைந்தது. அவனுடைய அமைதியின்மையோ போர்க்களத்தில் உயிர்காக்கும் விழிப்பு. மகனின் குறையைத் தந்தை குலச்சின்னம் ஆக்கிவிட்டார்!

இவ்விடத்தில் நூலை மூடினேன். "பண்டிதர் வீட்டுப் பிள்ளையோ நீ?" என்று என் மகனைப் பன்முறை கடிந்தவன் யான். வகுப்பிலும் எத்தனை மாணாக்கரைச் சோம்பேறிகள் என்றிருப்பேன்!

தொல்கதை சிதையவில்லை, ஒரு பிள்ளையின் நாணத்தைத் துடைத்தது. கதைகள் வாழ்வது அதற்கன்றோ? அன்றிரவு நூலை மகனிடம் திருப்பிக் கொடுத்து, அருகில் அமர்ந்தேன்.

"மிச்சக் கதையை நீ சொல்லு, தம்பி."