சுங்கான் சொல்லும் கதை

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில் பழைய சுங்கான் ஒன்றைத் துப்புரவு செய்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன். நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சுங்கான் என்ற சொல் விளங்காத இளைஞர்கள் ‘பைப்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

சுங்கானை ஒரு நூலைப் போலப் படிக்க முடியும் என்று காட்டியவர் ஆர்தர் கொனன் டொயில். 1893இல் ‘ஸ்ட்ராண்ட்’ சஞ்சிகையில் வெளிவந்த ‘மஞ்சள் முகம்’ என்ற கதையில், காத்திருந்து அலுத்துப்போன ஒருவர் தமது சுங்கானை மறந்து வைத்துவிட்டுச் செல்கிறார். ஆளைக் காணாமலே ஷெர்லொக் ஹோம்ஸ் அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர், உறுதியான பற்கள் உடையவர், கவனக்குறைவானவர், பணமுடை இல்லாதவர் என்று சொல்லிவிடுகிறார். எப்படி? கிண்ணம் ஒரு பக்கத்தில் மட்டும் கருகியிருக்கிறது. வாய்க்குழலில் பல் ஆழப் பதிந்திருக்கிறது. இருமுறை உடைந்து, சுங்கானின் விலையிலும் கூடிய செலவில் வெள்ளிப் பூண் போடப்பட்டிருக்கிறது. அந்தச் சுங்கான் ஹோம்ஸின் கைக்கு வருமுன் யாராவது ஒரு கெட்டிக்காரர் அதைப் பளபளவென்று புதிதாக்கியிருந்தால் அவருக்குப் படிப்பதற்கு எதுவுமே எஞ்சியிராது.

பழம்பொருளில் கைவைப்போர் எல்லோருக்கும் உள்ள சிக்கல் இதுதான். எது அழுக்கு, எது வரலாறு?

என்னிடமுள்ள சுங்கான் கொட்டாஞ்சேனையில் கிடைத்தது. வெளிநாடு சென்றுவிட்ட குடும்பமொன்றின் தட்டுமுட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கியிருந்த ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் பழைய சஞ்சிகைக் கட்டொன்றை வாங்கப் போனேன். கட்டுக்குள் சொருகியிருந்த சுங்கானையும் சேர்த்தே விலை பேசித் தந்துவிட்டார். கிண்ணத்துள் சுண்டுவிரல்கூட நுழையாதபடி கரி அடைத்திருந்தது. கறுப்பாக இருக்கவேண்டிய வாய்க்குழல், பாசி பிடித்த கிணற்றுக்கட்டின் நிறத்தில் இருந்தது. கழுத்தில் கறுத்துப்போன ஒரு வெள்ளிப் பூண். அதன் அடிப்புறத்து மரத்தில், ஆணியால் கீறியது போல இரண்டு தமிழ் எழுத்துகள்: ‘வே. க.’

யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூர்வரை பெயர்பெற்றது. தென்னிலங்கைப் பட்டினங்களில் சுருட்டுக்கடை வைத்து வாழ்ந்த குடும்பங்கள் பல. ஆனால் சுருட்டு எரிந்து சாம்பலாகிவிடும். பிடித்தவரைப் பற்றி எதுவும் மிஞ்சாது. சுங்கான் அப்படியல்ல. பிடித்தவர் போன பின்னும் அது இருக்கும். யாரையும் புகைக்கத் தூண்டுவது என் நோக்கமன்று. 2006ஆம் ஆண்டின் சட்டம் நம் நாட்டில் புகையிலை விளம்பரத்தையே தடைசெய்திருக்கிறது, நல்ல காரியம். நான் பேசுவது மரத்தையும் இறப்பரையும் வெள்ளியையும் பற்றி மட்டுமே.

முதலில் மரம். ஆங்கிலத்தில் இதைப் ‘பிரையர்’ என்பார்கள். முட்செடியான காட்டு ரோசாவுக்கும் அதே பெயர் இருப்பதால் பலர் மயங்குவதுண்டு. உண்மையில் இது ‘ப்ருயேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் அடிக்கிழங்கே இந்த மரம். காட்டுத்தீயில் செடி எரிந்துபோனாலும் மண்ணுக்குள் இருக்கும் இந்தக் கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கும். தீயைத் தாங்கும் இயல்பு அதற்கு அப்படி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சென் குளோட் என்ற ஊர்த் தச்சர்கள் இதில் சுங்கான் கடையத் தொடங்கினர். பின்னர் அவ்வூர் அதற்கே பெயர்போனதாயிற்று.

வேலையின் முதற்படி வாய்க்குழலைக் கழற்றுவது. இழுக்கக்கூடாது, ஒரே திசையில் மெல்லத் திருக வேண்டும். இறுகியிருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் பனி அறையில் அரை மணி நேரம் வைத்தால் இறப்பர் சற்றுச் சுருங்கி இளகும். அவசரப்பட்டவர்கள் முளையை முறித்துக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்தது கரி. எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பதுதான் துப்புரவு என்று நினைக்கத் தோன்றும். ஒரு மில்லிமீற்றர் அளவு கரிப்படை மரத்தை நெருப்பிலிருந்து காக்கும் கவசம்; அதை விட்டுவிட வேண்டும். அதற்கு மேற்பட்டதுதான் ஆபத்து. சூட்டில் கரி ஒரு விதமாகவும் மரம் வேறு விதமாகவும் விரிய, தடித்த கரி உள்ளிருந்து நெருக்கிக் கிண்ணத்தைப் பிளந்துவிடும். முனை மழுங்கிய சிறு கத்தியாலும், விரலில் சுற்றிய அரத்தாளாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இரண்டு மாலைகள் சென்றன.

பிறகு நாற்றம். மரத்தின் நுண்துளைகளில் ஊறிய பழைய தாரைச் சுரண்டி எடுக்க இயலாது, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். கழுத்துத் துளையைப் பஞ்சால் அடைத்து, கிண்ணம் நிறையச் சமையலறைக் கல்லுப்பைப் போட்டு, அது நனையும்வரை ஐசோபுரோப்பைல் அற்ககோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வைக்க வேண்டும். விடியும்போது வெள்ளை உப்பு தேயிலைச் சாய நிறமாகியிருக்கும். ஊதா நிற மெதிலேற்றிய ஸ்பிரிட்டைப் பாவிக்க வேண்டாம். அதில் நஞ்சு கலந்திருக்கும். வெளிப்புறத்தில் ஒரு துளி சிந்தினாலும் மெருகு கரையும் என்பதால் பக்கத்தில் துணி இருக்கட்டும். உப்பைக் கொட்டியபின் ஒரு வாரமாவது உலர விட்டால் நல்லது. கொழும்பின் ஈரக்காற்றில் இரண்டு நாள் போதாது.

புகை செல்லும் துளையைத் துடைக்கவென்றே பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பிகள் உண்டு. புத்தகக் கடைகளில் சிறுவரின் கைவேலைக்காக விற்கும் அதே உருவக் கம்பிகள் செயற்கை நூலாலானவை, ஈரத்தை உறிஞ்சமாட்டா. தென்னை ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றினேன். அழகாக வேலை செய்தது.

இனி அந்தப் பாசி நிற வாய்க்குழல். இறப்பருடன் கந்தகத்தைப் பெருமளவு சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் கடினப்பொருள்தான் எபொனைற். அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற முறையின் நீட்சி இது. இந்த மரத்தின் கதையில் நமக்கும் ஒரு பங்குண்டு. 1876இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து சுமார் 1,900 இறப்பர்க் கன்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் வேரூன்றின. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அதுவும் ஒரு தொட்டில். எபொனைற்றில் இருக்கும் கந்தகம் வெளிச்சமும் ஈரமும் பட்டு மேற்பரப்புக்கு வரும்போதுதான் பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறுகிறது. அருகிலுள்ள வெள்ளிப் பூணைக் கறுக்கச் செய்வதும் அதே கந்தகமே. நீரில் நனைத்த அரத்தாளால், சொரசொரப்பானதில் தொடங்கி வரவர மெல்லியதாகத் தேய்த்தால் கறுப்பு திரும்பும். தேய்க்கும்போது கூழ்முட்டை நாற்றம் எழும். வீட்டிலிருப்போரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

எபொனைற்றுக்கு வியப்பான ஒரு குணமுண்டு. அது தன் பழைய வடிவத்தை நினைவில் வைத்திருக்கும். பல் பதிந்த குழியை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே எட்டப் பிடித்து மெல்லச் சூடாக்கினால், குழி தானாகவே மேலெழுந்து மறைகிறது. கூடுதலாகச் சூடாக்கினால் வளைத்துச் செய்த குழலே நிமிர்ந்துவிடும்.

இந்த இடத்தில்தான் தயங்கினேன். என் சுங்கானில் பல்தடம் இடப்பக்கத்தில் ஆழமாகவும் வலப்பக்கத்தில் மெலிதாகவும் இருந்தது. அந்த மனிதர் எப்போதும் வாயின் இடப்பக்கத்தில் கவ்விக்கொண்டிருந்திருக்கிறார். வலக்கை எழுதவோ கணக்குப் பார்க்கவோ வேலையாயிருந்திருக்கலாம். ஒரு நிமிடச் சூட்டில் இது அழிந்துவிடும். எழுத்துகளும் அப்படியே. மரத்தை ஒரு சுற்று அரத்தாளால் இழைத்தால் ‘வே. க.’வும் போய், கடையில் அன்று வாங்கியது போன்ற ஒரு சுங்கான் கையில் இருக்கும். செட்டியார் தெருவில் நகைக்கு மெருகிடும் நண்பர் வெள்ளிப் பூணைச் சக்கரத்தில் கொடுத்தால் ஒரு நிமிட வேலை என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கறுப்புக்கு அடியில் நடக்கும் சிங்கம் ஒன்றும் நங்கூரம் ஒன்றும் தெரிந்தன. சிங்கம் தரமான வெள்ளிக்கான ஆங்கில முத்திரை. நங்கூரம் பேர்மிங்ஹாம் மதிப்பீட்டகத்தின் குறி. கூடவே இருக்கும் ஆண்டெழுத்து பாதி தேய்ந்திருந்தது. சக்கரத்தில் கொடுத்தால் மீதிப் பாதியும் போய்விடும்.

1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏட்டில் சிதைந்திருந்த அடிகளைத் தாமே எழுதி நிரப்பவில்லை. புள்ளியிட்டு இடைவெளியாகவே விட்டார். அவருக்கு முன்பே நம் சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் செல்லரித்த ஏடுகளிலிருந்து மீட்டார். ஏட்டின் தூசியைத் துடைத்து எண்ணெயும் கரியும் பூசினால் எழுத்து தெரியவரும், அது துப்புரவு. இல்லாத எழுத்தை எழுதுவது வேறு, இருந்த எழுத்தை அழிப்பது வேறு. இரண்டும் துப்புரவில் சேரா. தமிழறிந்த ஒருவர் ஓர் ஆங்கில நாட்டுச் சுங்கானைத் தம்முடையதென்று தமிழில் கீறி வைத்திருக்கிறார். அதை அழித்துவிட்டு மரத்தின் இழையழகை யாருக்குக் காட்டுவது?

ஆகவே நிறமாற்றத்தை நீக்கினேன், பல்தடத்தை விட்டேன். பூணை மெல்லிய பருத்தித் துணியால் மட்டும் துடைத்தேன். மரத்தின் மேலிருந்த பிசுக்குக்கு அரத்தாள் தேவைப்படவில்லை. உமிழ்நீர் தோய்ந்த பஞ்சே போதுமானதாயிருந்தது. நேயர்கள் சிரிக்கலாம். அருங்காட்சியகங்களில் ஓவியங்களைத் துடைப்போரும் இதைக் கையாள்வதுண்டு. உமிழ்நீரிலுள்ள நொதியங்கள் அழுக்கை இளக்கும்.

கடைசியாக மெழுகு. தேன்மெழுகு 62 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். நம் வெப்பத்தில் கையில் ஒட்டும். பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு 80 பாகைக்கு மேல்தான் உருகும். அதைக் கடுகளவு எடுத்து, துணியால் தேய்த்தாற் போதும். எழுத்துகளின் கீறலுக்குள் மெழுகு அடைந்துவிடாமல் ஈர்க்கு நுனியால் எடுத்துவிட வேண்டும்.

வெள்ளவத்தையில் கடலோரம் வசிப்போர் இத்தகைய பொருளை யன்னலோர அலுமாரியில் காட்சிக்கு வைக்க வேண்டாம். வெயில் பட்டால் ஒரு வருடத்துக்குள் வாய்க்குழல் மீண்டும் பச்சையாகிவிடும். பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகும் மரப்பெட்டியில் வைத்து, மாரிகாலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.