நெற்றிக்குள் ஒரு 'கைரேகை': மண்டை ஓட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி?

முகம் சிதைந்து, விரல் ரேகையும் அழிந்துபோன உடல் யாருடையது? பதில் சில நேரம் நெற்றிக்குள்ளேயே இருக்கும். புருவத்துக்கு மேலே எலும்புக்குள் இருக்கும் காற்றறைதான் நெற்றி சைனஸ். சளி பிடித்தால் தலை கனக்குமே, அதே சைனஸ்தான்! சுமார் 20 வயதில் வளர்ச்சி முடிந்தபின் அதன் வடிவம் பெரிதாக மாறாது. அச்சு அசலாக இருக்கும் இரட்டையர்களுக்குக்கூட அது வேறுபடும்.

1927-லேயே அமெரிக்காவில் கல்பர்ட், லா ஆகியோர் இறந்தவரின் எக்ஸ்ரேயைப் பழைய எக்ஸ்ரேயுடன் ஒப்பிட்டு ஆளை உறுதிசெய்தனர். இன்று சிடி ஸ்கேனும் கைகொடுக்கிறது.

சிலருக்கு இந்த அறையே உருவாவதில்லை. அப்போது பல், டிஎன்ஏ பக்கம்தான் போக வேண்டும். இன்னொரு சிக்கல், உயிரோடு இருந்தபோது எடுத்த படம் இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. காணாமல் போனவர் எப்போதோ தலைவலிக்கு எடுத்து, பரணில் போட்ட ஸ்கேன் ஃபிலிம்கூட அதனால் முக்கியத் தடயமாகிவிடும்.